மங்களூர் ஒன்றிய அறிவியல் ஆசிரியர்களுக்கு: ஐப்பசிக்கு முன் ஒரு விண்ணப்பம்



தொழுதூர், ராமநத்தம், சிறுபாக்கம், கீழ்ச்செருவாய் என்று நம் கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கிடக்கும் ஊர்களில் அறிவியல் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்ததும், டியூப்லைட்டைத் தேடி வந்து வகுப்பறைச் சுவரில் காலை விரித்து ஒட்டிக்கொண்டு நிற்குமே ஒரு நெட்டைக்கால் பூச்சி, அதைப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தால் அடித்துக் கொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், அதை வைத்தே வகைப்பாட்டியல் பாடத்தை நடத்துங்கள்.

பிள்ளைகள் ஏன் அடிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். டெங்கு ஒழிப்பு உறுதிமொழி எடுத்துவிட்டு வரும் பிள்ளைக்குச் சுவரில் இருப்பது ‘பெரிய கொசு’. சின்னக் கொசுவே காய்ச்சலைக் கொடுக்கும் என்றால் இது என்னவெல்லாம் செய்யும் என்று அது கணக்குப் போடுகிறது. கணக்கு நியாயமானதுதான், பூச்சிதான் வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும், கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். நெட்டைக்காலனுக்கு இரத்தம் குடிக்க வாயே கிடையாது. வளர்ந்த பூச்சியாக அது வாழ்வது சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை. அதற்குள் துணையைத் தேடி முட்டையிட்டாக வேண்டும் என்பதால் பல இனங்கள் சாப்பாட்டைப் பற்றியே கவலைப்படுவதில்லை. சாப்பிடுகிறவையும் பூத்தேனையோ பனித்துளியையோ உறிஞ்சுவதோடு சரி.

நம் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2018இல் சீனாவின் செங்டு நகரத்துப் பூச்சி அருங்காட்சியகம், இறக்கையை விரித்தால் 11.15 சென்டிமீட்டர் வரும் ஒரு பூச்சியைக் காட்டியது. ‘உலகின் மிகப் பெரிய கொசு’ என்று உலகப் பத்திரிகைகள் தலைப்பு போட்டன. அது ஹோலோரூசியா மிக்காடோ என்ற நெட்டைக்காலன். கொசுக் குடும்பத்திலேயே அது இல்லை.

ஆங்கிலத்தில் கிரேன் ஃப்ளை என்பது இதைத்தான். லின்னேயஸ் 1758இல் விலங்குகளுக்கெல்லாம் பெயர் சூட்டியபோதே டிப்புலா என்ற பேரினத்தில் இதைச் சேர்த்துவிட்டார். உலகம் முழுவதும் இதுவரை பெயர் பெற்றவை 15,000 சிற்றினங்களுக்கு மேல். உலகத்துப் பறவை இனங்களை எல்லாம் கூட்டினால் 11,000 சுமாருக்குத்தான் வரும். கொசுக்கள் 3,500க்குக் கொஞ்சம் மேலே. இந்தியாவில் மட்டும் நெட்டைக்கால் இனங்கள் ஆயிரத்தைத் தாண்டும். இவ்வளவு பெரிய கூட்டத்தைத்தான் ‘பெரிய கொசு’ என்ற ஒரே பெயரில் அடக்கி, செருப்பை எடுக்கிறோம்.

இதோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது விருத்தாசலத்தில். பீங்கான் பட்டறைகளில் அச்சு வேலை பார்த்தவன் நான். களிமண்ணை ஊறப்போடும் தொட்டியும், தண்ணீர் வழிந்தோடும் தரையும், கொல்லைப்புறத்தில் கொட்டிக் கிடக்கும் ஈரக் கழிவு மண்ணுமாகப் பட்டறை எப்போதும் சதசதவென்றுதான் இருக்கும். மழைக்காலத்து இரவில் விளக்கடியில் வேலை பார்த்தால் இவை வந்துவிடும். ஒரு பொம்மையை இரண்டு துண்டு அச்சில் வார்த்தெடுத்தால் அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு நிற்கும். பிசிறு எடுப்பவர் கத்தியால் சுரண்டி ஈரத்துணியால் துடைத்தால்தான் மறையும். கைலென்ஸில் முதன்முதலாக இந்தப் பூச்சியின் முதுகைப் பார்த்தபோது, சுரண்டாமல் விட்ட அச்சுக்கோடு மாதிரியே ஒன்று தெரிந்தது. இறக்கைகள் முளைக்கும் இடத்துக்கு நடுவில், மார்பின் மேல்புறத்தில், ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் ஒரு பள்ளக்கோடு. அதுதான் இந்தக் கூட்டத்தின் முதல் அடையாளம் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வகுப்பில் தொடங்க வேண்டியதும் அந்தக் கோட்டிலிருந்துதான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். முதுகில் ‘வி’ கோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து தலை. ஈக்கள் பலவற்றுக்கும் உச்சந்தலையில் இரண்டு கூட்டுக்கண்களுக்கு நடுவே மூன்று சிறு தனிக்கண்கள் இருக்கும். நெட்டைக்காலனுக்கு அவை இல்லை. பிறகு இறக்கை. கொசுவின் இறக்கை நரம்பு முழுக்கச் செதில்கள் அப்பியிருக்கும். இதன் நரம்பில் அப்படிச் செதில் படிந்திருக்காது. பின்புறத்தில் இரண்டு நரம்புகள் இறக்கையின் விளிம்பு வரை ஓடி முடியும். கடைசியாக, இறக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் குண்டூசி போல நிற்கும் ஹால்டியர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈ வரிசைக்கே உரிய உறுப்பு அது. பின் இறக்கைதான் சுருங்கி அப்படி ஆகியிருக்கிறது. பறக்கும்போது உடல் சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வீட்டு ஈயில் இதைக் காட்ட லென்ஸாவது தேவைப்படும். நெட்டைக்காலனில் வெறுங்கண்ணுக்கே தெரியும். இரண்டு இறக்கை உள்ளவை ஒரு வரிசை என்று பாடப்புத்தகம் சொல்வதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்த்துவிடும்.

வயிற்றின் நுனியில் கூர்மையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் ‘கொடுக்கு’ என்று பிள்ளைகள் அலறுவார்கள். அது பெண் பூச்சி ஈரமண்ணில் குத்தி முட்டை வைக்கும் குழல். அதற்குக் கொட்டவே தெரியாது. ஆணுக்கு நுனி மழுங்கித் தடித்திருக்கும்.

இதற்கு மேல்தான் வகைப்பாடு சூடுபிடிக்கிறது. இன்று பலரும் இந்தக் கூட்டத்தை டிப்புலாய்டியா என்ற பெருங்குடும்பமாகக் கொண்டு, அதை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். லிமோனிடே 10,000 இனங்களுக்கு மேல். டிப்புலிடே 4,000க்கு மேல். பெடிசிடே சுமார் 500. சிலிண்ட்ரோடோமிடே எழுபது சுமாருக்குத்தான். கடைசி இரண்டையும் நம் வெயில்காட்டில் எதிர்பார்க்க வேண்டாம். பெடிசிடே குளிர்ந்த ஓடைக்கரைகளை விரும்பும், அதன் கூட்டுக்கண்களின் சிறு கண்களுக்கு இடையில் மெல்லிய முடி இருக்கும். சிலிண்ட்ரோடோமிடேயின் புழுக்கள் பெரும்பாலும் பாசி தின்பவை. சிலவற்றின் உடலிலேயே இலைத்துணுக்கு போன்ற நீட்சிகள் இருக்கும்.

நமக்கு அகப்படக்கூடிய இரண்டையும் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாய்க்குப் பக்கத்தில் தொங்கும் தாடை உணர்நீட்சியின் கடைசிக் கணுவைப் பாருங்கள். அது முந்தைய கணுக்களைவிட நீண்டு சாட்டைபோலத் தொங்கினால் பெரும்பாலும் டிப்புலிடே. குட்டையாக முடிந்தால் லிமோனிடே. உணர்கொம்பிலும் வித்தியாசம் உண்டு: டிப்புலிடேயில் பொதுவாக 13 கணுக்கள், லிமோனிடேயில் 14 அல்லது 16. உட்காரும் தோரணையும் கொஞ்சம் உதவும். பெரிய டிப்புலா இறக்கையைப் பக்கவாட்டில் விரித்து வைக்கும்; லிமோனிடேயில் பலவும் முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். ‘பெரும்பாலும்’, ‘பொதுவாக’ என்று நான் எழுதும் இடங்களைப் பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லுங்கள். விதிவிலக்கு இல்லாத அடையாளம் என்று ஒன்றைச் சொல்லித் தேர்வுக்கு மனப்பாடம் பண்ண வைத்தால் வகைப்பாட்டியல் அங்கேயே செத்துவிடும்.

நான்கு குடும்பம் என்பதும் அசையாத தீர்ப்பு அல்ல. நெடுங்காலம் எல்லாமே டிப்புலிடே என்ற ஒரே குடும்பமாகத்தான் இருந்தன. செக் நாட்டு அறிஞர் யாரோஸ்லாவ் ஸ்டாரி 1992இல் நான்காகப் பிரித்தார். 2010இல் பீட்டர்சன், பெர்டோன், வீக்மன், கோர்ட்னி என்ற நால்வர் உடல் அடையாளங்களையும் மரபணுவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பெடிசிடே எல்லோருக்கும் முன்பே பிரிந்த கிளையாக நின்றது. டிப்புலிடேயும் சிலிண்ட்ரோடோமிடேயும் நெருங்கிய பங்காளிகள் என்பதும் உறுதியானது. ஆனால் பத்தாயிரம் இனங்களை வைத்திருக்கும் லிமோனிடே ஒரே மூதாதையின் முழு வாரிசுக் கூட்டமாக நிற்கவில்லை. மற்றக் குடும்பங்களில் சேராதவற்றை எல்லாம் போட்டுவைத்த பகுதியாக அது தெரிந்தது. இன்னும் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் மாற்று ஏற்பாடு முடிவாகவில்லை. அறிவியல் என்றால் முடிந்த பட்டியல் என்று நினைக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனை பெயர்களையும் யார் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் என்ரிகோ புருனெட்டி. தொழிலால் இசைக்கலைஞர். 1904 முதல் 1921 வரை கல்கத்தாவில் தங்கியிருந்து, சங்கீதம் போக மீதி நேரத்தில் ஈக்களை ஆராய்ந்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் நூல் வரிசையில் 1912இல் வந்த ஈக்கள் தொகுதி அவர் எழுதியது. அதில் கொசுக்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். மலேரியாவால் கொசுவுக்குத் தனிக் கவனிப்பு அப்போதே வந்துவிட்டது. நெட்டைக்காலன்களுக்கு இந்த இசைக்காரர்தான் கிடைத்தார்.

இரண்டாமவர் சார்லஸ் பால் அலெக்சாண்டர், 1889இல் பிறந்து 1981இல் மறைந்த அமெரிக்கர். மாசசூசெட்ஸில் பேராசிரியர். ஒற்றை ஆளாக 11,000 இனங்களுக்கு மேல் விவரித்துப் பெயர் வைத்தவர். எழுபது வருட உழைப்பை வகுத்தால் இரண்டரை நாளுக்குள் ஒரு புதிய இனம் என்று வருகிறது. மனைவி மேபல் கூடவே இருந்து உழைத்தார். அந்த அம்மாள் பெயரைப் பல பூச்சிகளுக்கு வைத்தார் மனிதர். பெயர் தீர்ந்துபோகும் அளவுக்கு வேலை செய்தவர் அல்லவா, நம் புராணங்களிலும் கை வைத்தார். டிப்புலா பேரினத்தின் ஒரு துணைப்பேரினத்துக்கு 1964இல் அவர் இட்ட பெயர் ‘சிவாடிப்புலா’. விருத்தகிரீஸ்வரராகச் சிவன் குடியிருக்கும் ஊர்க்காரனான எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. அவருடைய விவரிப்புகளில் சில மிகச் சுருக்கம் என்று பின்னால் வந்தவர்கள் முணுமுணுப்பதுண்டு. முணுமுணுப்பவர்கள் எல்லோருமாகச் சேர்ந்தும் அவர் அளவுக்குச் செய்து முடித்ததில்லை என்பேன்.

மூன்றாமவர்தான் நமக்கு முக்கியம். அமெரிக்காவில் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தவருக்குத் தென்னிந்தியப் பூச்சி எப்படிக் கிடைத்தது? பிடித்து அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பி. சூசைநாதன். காரைக்கால் பக்கத்துக் குரும்பகரம், கோயம்புத்தூர், ஆனைமலை என்று அலைந்து அவர் சேகரித்த பூச்சிகள் அமெரிக்க, கனடிய அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கின்றன. ‘நாதனி’ என்று முடியும் பூச்சிப் பெயர்கள் பல குழுக்களில் உண்டு. குரும்பகரம் மலையும் அல்ல, பெருங்காடும் அல்ல; காவிரிக் கடைமடையில் ஒரு வயல்காட்டு ஊர். அந்த ஊர்ப் பெயர் உலகப் பூச்சியியலாளர்களுக்குப் பழக்கமானது, ஒரு மனிதர் தன் ஊரிலேயே வலையை வீசி, சிட்டையில் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதியதால்.

மங்களூர் அந்த வரிசையில் வரக் கூடாதா என்பதுதான் என் கேள்வி. நீலகிரி, ஆனைமலை என்று மலைக்குப் போனவர்கள் எழுதியது ஏராளம். சோளக்காடும் பருத்திக்காடுமாகக் காயும் நம் பக்கத்துக்குப் பூச்சி தேடி யார் வருவார்கள்? ஆனால் நமக்கும் ஈரம் இருக்கிறது. கீழ்ச்செருவாயில் வெலிங்டன் ஏரிக் கரையின் கசிவு, தொழுதூர் அணைக்கட்டுப் பக்கம், வெள்ளாற்று மணலில் நிழல் விழும் ஓரங்கள், மோட்டார் கொட்டகையின் பின்னால் எப்போதும் நனைந்து கிடக்கும் வாய்க்கால், மாட்டுத்தொழுவத்துக் குப்பைமேடு, மட்கிய மரத்தடி. புழுக்கள் இருக்கும் இடங்கள் இவைதான். நெல் வயல்களில் கொனோசியா இரோரேட்டா என்ற லிமோனிடேயைத் தேடிப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவிய இனம் அது. இறக்கை விளிம்பு நெடுகச் சிறு புள்ளிகள் தெளித்திருக்கும். நிழலான இடத்தில் சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கும் மெல்லிய பூச்சிகளைப் பார்த்தால் அங்கே நின்றுவிடுங்கள், டிரென்டபோலியாவாக இருக்கலாம்.

புழுவைத் தோண்டி எடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. சாம்பல் நிறம், கால் இல்லை, விரல்கணு அளவு நீளம். ஒரு நுனியில் சதைத் துருத்திகள் சூழ இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். கண்ணும் முகமும் என்று சத்தியம் செய்வார்கள். அது பின்பக்கம். கரும்புள்ளிகள் மூச்சுத்துளைகள். உண்மையான தலையை அது மார்புக்குள் இழுத்து ஒளித்துக்கொள்ளும். ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, தொந்தரவு செய்யாமல் இருந்தால் தலை மெதுவாக வெளியே வரும். அந்தத் துருத்திகளின் எண்ணிக்கையும் அமைப்பும்கூட வகைப்பாட்டுக்கு உதவும் அடையாளங்கள்தான்.

புழு பயிரைத் தின்னாதா என்று விவசாயி வீட்டுப் பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். பெரும்பாலானவை மட்கிய இலையைத் தின்று மண்ணாக்குகின்றன, பறவைகளுக்கு இரையாகின்றன. எல்லாமே சாது என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பானில் டிப்புலா ஐனோ நெல் நாற்றைக் கடிக்கும். ஐரோப்பாவில் சில இனங்களின் புழுக்கள் புல்வேரைத் தின்னும். அவற்றை லெதர்ஜாக்கெட் என்பார்கள். 1935இல் அவை லண்டன் லார்ட்ஸ் மைதானத்தையே பதம் பார்த்தன. புல் செத்து ஆங்காங்கே திட்டுத் திட்டாக மொட்டையானது. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் புழுக்களைப் பொறுக்கி எரித்தார்கள். ஆடுகளத்தில் பந்து வழக்கத்துக்கு மேல் சுழன்றது. அந்த வருடம் அங்கே நடந்த டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் லெக் ஸ்பின்னர் ஜெனோஃபான் பாலாஸ்காஸ் ஒன்பது விக்கெட் எடுத்தார். 157 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்து தோற்றது. இங்கிலாந்து மண்ணில் தென்னாப்பிரிக்காவுக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. வெற்றி முழுவதும் புழுவின் கணக்கு என்று எழுதினால் பாலாஸ்காஸுக்குத் துரோகம். ஆனால் கிரிக்கெட் என்றால் காது விடைக்கும் கடைசி பெஞ்சுக்காரர்களிடம் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

பிடிக்கும் முறைக்கு வருகிறேன். காலைத் தொடாதீர்கள். எதிரி பிடித்தால் காலை உதறிவிட்டுத் தப்பிப்பது இதன் வழக்கம்; தொடைக்கு மேலே உள்ள மூட்டில் கழன்று வந்துவிடும், திரும்ப முளைக்காது. சுவரில் இருப்பதன் மேல் அகலவாய்க் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகினால் போதும். பார்த்து, முதுகையும் இறக்கையையும் பக்கவாட்டையும் போட்டோ எடுத்துவிட்டு வெளியில் விட்டுவிடலாம். வகுப்புக்கு அவ்வளவே தாராளம். இனம் வரை போக வேண்டுமென்றால் ஆண் பூச்சி தேவை. அதன் வயிற்று நுனியின் இனப்பெருக்க உறுப்பு அமைப்பைப் பார்த்துத்தான் நிபுணர்கள் சிற்றினத்தைப் பிரிக்கிறார்கள். போட்டோவை மட்டும் வைத்துப் பேரினம் வரை சொன்னாலே பெரிது. செத்துக் கிடைத்ததை முக்கோணமாக மடித்த காகித உறையில் போடுங்கள். கால்கள் கழன்றாலும் அந்த உறைக்குள்ளேயே இருக்கும். எறும்பு மோப்பம் பிடித்துவிட்டால் மறுநாள் இறக்கை மட்டும்தான் மிஞ்சும், டப்பாவை இறுக மூடி வையுங்கள். சேர்ந்ததைக் காட்ட நம் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தின் பூச்சியியல் துறை இருக்கிறது. சென்னை சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது.

கடைசியாகச் சிட்டை. பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பின்னால் யாராவது சொல்வார்கள். எங்கே, எந்தத் தேதியில், யார் பிடித்தது என்பதை அன்றைக்கு விட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது. ‘மங்களூர்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். படிக்கிறவர் கர்நாடகக் கடற்கரை மங்களூரைத்தான் நினைப்பார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், மழை கொட்டும் பூமி. அங்கே இருக்கும் இனங்கள் வேறு. ஒற்றைச் சொல்லில் நம் சோளக்காட்டுப் பூச்சி நாட்டின் மறு கரைக்குப் போய்விடும். ‘மங்களூர் ஒன்றியம், கடலூர் மாவட்டம், தமிழ்நாடு’ என்று முழுசாக எழுதி, அதன் கீழ் ஊர்ப் பெயரும் இடமும் போடச் சொல்லுங்கள்: ஏரிக்கரையா, மோட்டார் கொட்டகையா, பள்ளிச் சுவரா. பிடித்தவர் இடத்தில் பிள்ளையின் பெயரையே போடுங்கள். பென்சிலால் எழுதட்டும், மை ஈரத்தில் கரைந்துவிடும்.

அன்புடன்,
வெள்ளாற்றங்கரைக்காரன் ஒருவன்
விருத்தாசலம்